750 வாட் வேண்டாம், நல்ல 550 போதும்

காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐ5-10400 ப்ராசசர், 16 ஜிபி ராம் வைத்திருக்கிறேன். 4கே வீடியோ போட்டால் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் புதிதாக 4060. கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா? கடையில் 750 வாட் போட்டே ஆகணும் என்கிறார்கள். கார்டுக்கே காசு சரியாகப் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூவாயிரம், மிஞ்சினால் நாலாயிரம். அப்புறம், தோட்டத்து மோட்டார் ஓடும்போது வீட்டில் லைட் மங்கும். அதனால் ஏதாவது ஆகுமா?"

அந்தக் கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் இருப்பதிலேயே பெரிய கேள்வியாகப் படுகிறது. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

நேரடிப் பதில் முதலில். உங்கள் 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது சுவரில் வரும் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி, அநேகமாகப் போதாது. 750-ம் தேவையில்லை. நல்ல 550 வாட் ஒன்று இரண்டு கார்டுக்கும் தாராளம். 4060 என்றால் நல்ல 450 வாட்கூட இழுத்துக்கொண்டு போகும். எது 'நல்ல' என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிபியு பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 என்று இருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். 3.3 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு எத்தனை, 12 வோல்ட்டுக்கு எத்தனை என்று போட்டிருப்பார்கள். 12 வோல்ட் வரியில் இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான பலம்.

போன மாதம் என் பெஞ்சுக்கு வந்த ஒரு பெட்டியில் அந்த வரியில் 14 ஆம்பியர் என்று இருந்தது. 14-ஐ 12-ஆல் பெருக்கினால் 168 வாட். மேலே கொட்டை எழுத்தில் 450! மீதி எங்கே போச்சு என்றால், 3.3, 5 வோல்ட் லைன்களில் கொடுக்க முடியும் என்று சொல்வதையெல்லாம் கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டருக்கு அந்த 5 வோல்ட் உதவியிருக்கும். இன்றைக்கு ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது கிட்டத்தட்ட எல்லாமே 12 வோல்ட் லைனில்தான். சில லேபிளில் 12வி1, 12வி2 என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். 12 வோல்ட்டுக்கு மொத்தமாக எத்தனை வாட் என்று பக்கத்தில் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. அது இல்லாத லேபிளை நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் கணக்கு. 10400 ப்ராசசரை 65 வாட் என்று சொல்வார்கள். ஆனால் டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டிக்கொண்டு, ஓடும் கொஞ்ச நேரத்துக்கு 134 வாட் வரை இழுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. எடிட் செய்ததை முழு வீடியோவாக எடுக்கும் ரெண்டரைப் போட்ட முதல் நிமிடத்தில் அதுதான் நடக்கும். 3060 கார்டு 170 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வாட் வைத்துக்கொள்வோம். மொத்தம் 354. 4060 கார்டு 115 வாட்தான், அதைப் போட்டால் 299. இரண்டு எண்ணையும் அந்த 168-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் மட்டும் 500 வாட்டுக்கு மேல் கொடுக்கும், அதாவது 42 ஆம்பியருக்குக் குறையாது. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் இல்லையா, அதே மாதிரி கார்டும் கண் இமைக்கும் நேரத்துக்குத் தன் வாட்டைத் தாண்டி எகிறும். 550-இல் அதற்கும் இடம் இருக்கிறது.

கார்டின் சிப்பைக் கொடுக்கும் என்விடியா கம்பெனி இந்த இரண்டு கார்டுக்கும் 550 வாட் வேண்டும் என்றுதான் சொல்கிறது. வாங்குகிறவர் எந்தப் பெட்டியை மாட்டுவாரோ என்று பயந்து கொஞ்சம் தூக்கிச் சொல்லும் எண் அது. கடைக்காரர் அதற்கு மேல் இன்னும் 200 ஏற்றி 750 என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாளைக்குத் திரும்பி வந்து சண்டை போடக்கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் நாலாயிரத்துக்கு அவர் எடுத்துக் காட்டும் 750, அதே விலைக்குக் கிடைக்கும் 550-ஐ விட எதில் குறைந்தது என்று கேளுங்கள். எங்கேயோ குறைத்திருந்தால்தான் அந்த விலைக்கு வரும்.

எங்கே குறைப்பார்கள் என்று காட்டுகிறேன். மேலே சொன்ன அந்த 14 ஆம்பியர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். (நீங்கள் திறக்க வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட் நிற்கும், கையை உதறித் தள்ளிவிடும்.) கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் போர்டில் வெள்ளை மையில் சுருள் படம் அழகாக அச்சடித்திருக்கிறது. சுருளைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு கம்பித் துண்டை வளைத்துச் சால்டர் வைத்திருக்கிறார்கள். லைனில் வரும் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் அது. வெளியே போகிற 12 வோல்ட் மஞ்சள் வயர் நூல் மாதிரி. வோல்டேஜ் ஏறினாலோ லோடு அதிகமானாலோ தானாக நின்றுகொள்ளும் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இந்தச் சாமான் தனியாகச் சாகாது. போகும்போது போர்டையோ கார்டையோ கூட்டிக்கொண்டு போகும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இருபதாயிரம் ரூபாய் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களை வருடம் நாலைந்து பேராவது பார்க்கிறேன்.

கடையில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து ஃபேன் சுற்றுவதைக் காட்டி "பாருங்க, எஸ்எம்பிஎஸ் ஓகே" என்பார்கள். ஃபேன் சுற்றினால் ஃபேன் சுற்றுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

என்ன வாங்கலாம்? கார்சேர் சிஎக்ஸ்550, கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ 550 ப்ரான்ஸ் வி2, டீப்கூல் பிகே550டி, எம்எஸ்ஐ எம்ஏஜி ஏ550பிஎன். இந்த நாலில் எது கையில் சிக்குகிறதோ அது. ஐந்து வருட வாரண்டி கொடுக்கும் வரிசைகள் இவை. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு விலை, ஆன்லைனில் ஒரு விலை, ஈரோட்டில் ஒரு விலை இருக்கும். உங்கள் நாலாயிரத்துக்குச் சற்று முன்னே பின்னே முடியும். அதற்குக் கீழே இறங்குவதானால் 4060 கார்டோடு, இதே கம்பெனிகளின் 80 பிளஸ் முத்திரை உள்ள 450-க்கு இறங்குங்கள், பெயர் தெரியாத 650-க்கு இறங்க வேண்டாம். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். "பில் இல்லாமல் இருநூறு குறைத்துத் தருகிறேன்" என்றால் அந்த இருநூறுக்கு ஐந்து வருட வாரண்டியை விற்றுவிட்டு வருகிறீர்கள்.

எஸ்எம்பிஎஸ் மட்டும் செகண்ட் ஹேண்டில் வேண்டாம். கார்டை ஓட்டிப் பார்த்து வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கபாசிட்டர் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது.

80 பிளஸ், ப்ரான்ஸ், கோல்டு என்பதையெல்லாம் தரத்தின் முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். அது சிக்கனத்தை மட்டும் சொல்கிறது: சுவரிலிருந்து இழுப்பதில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பது. 2021-இல் ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் சோதனை செய்தவர்கள் மேசையிலேயே வெடித்து, கம்பெனி மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. இரண்டும் கோல்டு முத்திரை வாங்கியவைதான். கரண்ட் பில்லும் பெரிய விஷயம் இல்லை. கம்ப்யூட்டர் 200 வாட் சாப்பிடுகிறது, தினம் நாலு மணி நேரம் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீத எஸ்எம்பிஎஸ் 250 வாட் இழுக்கும், 85 சதவீதம் உள்ளது 235. இரண்டு மாத பில்லில் வித்தியாசம் மூன்றரை யூனிட் சொச்சம். 90 சதவீதமே ஆனாலும் ஏழு யூனிட்டைத் தொடாது. அதனால் கோல்டுக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். ப்ரான்ஸ் வாங்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: அந்தச் சோதனையில் தேற வேண்டுமானால் உள்ளே ஓரளவு ஒழுங்கான சாமான் போட்டே ஆக வேண்டும்.

சரி, லைட் மங்குகிற கதைக்கு வருவோம்.

மோட்டார் போட்ட நொடியில் மங்கி, உடனே பழையபடி எரிந்தால் அது ஸ்டார்ட்டிங் கரண்ட். மோட்டார் ஓடுகிற வரைக்கும் மங்கலாகவே இருந்தால் உங்கள் வீட்டுக்கு வரும் லைன் பலவீனம். தோட்டத்து வீடுகள் டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்கும், வழியில் நாலு பேர் போர் மோட்டார் போடுவார்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஏசியில் வைத்து, மோட்டார் ஓடும்போது பிளக் பாயிண்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180, 170 என்று பார்த்திருக்கிறேன். பல்லடம், சோமனூர் பக்கம் தறிகள் ஓடும் தெருவிலும் இதே கதைதான்.

இதனால் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது லேபிளில் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும்: எத்தனை வோல்ட்டில் வேலை செய்யும் என்பது. சிலவற்றில் 200–240 என்று இருக்கும், சிலவற்றில் 100–240. ஒரே மாடல் பெயரிலேயே இரண்டு வகை வருவதும் உண்டு. நம் ஊர் டவுனுக்குள் இருப்பவருக்கு முதல் வகை போதும். உங்களுக்கு இரண்டாவதுதான். 170 வோல்ட் வரும்போது முதல் வகை நின்றுவிடும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். மூன்று மணி நேர ரெண்டர் தொண்ணூறு சதவீதத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழு ரேஞ்ச் உள்ளது நிற்காது, வோல்டேஜ் குறைந்த அளவுக்கு ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். சுவரிலிருந்து 400 வாட் இழுக்கிறது என்றால் 230 வோல்ட்டில் 1.74 ஆம்பியர், 170-இல் 2.35. கூடுதலாக இழுக்கும்போது சூடும் கூடும். ஏப்ரல், மே மாத வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் அந்தச் சூடு தெரியும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள்.

மங்குவது ஒரு பக்கம். மோட்டார் போடும்போது எப்போதாவது ஏதாவது ஒரு அறையில் லைட் வழக்கத்தை விடப் பளிச்சென்று எரிந்தால், கம்ப்யூட்டரை உடனே நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈபிக்குச் சொல்லுங்கள். அது நியூட்ரல் லூஸ். 300 வோல்ட்டுக்கு மேல் வரலாம், அதற்கு எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காது.

எர்த் பற்றி யாரும் கேட்பதே இல்லை. "ஏனுங்கண்ணா, சிபியு பெட்டியைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குதுங்க, எஸ்எம்பிஎஸ் போயிருச்சுங்களா?" என்று வாரத்துக்கு ஒரு போன் வரும். எஸ்எம்பிஎஸ் போகவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சின்ன கபாசிட்டர் வைத்திருப்பார்கள், இரைச்சலை எர்த்தில் விடுவதற்கு. எர்த் இல்லாத வீட்டில் அது போக இடம் இல்லாமல் பெட்டியிலேயே நிற்கும்; மீட்டர் வைத்தால் 230-இல் பாதி, 115-ஐ ஒட்டிக் காட்டும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் சுருக்கென்று கடிப்பதோடு விட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால், ஃபில்டரே இல்லாத மட்டமான பெட்டியில் இந்தக் கடி இருக்காது. புதிதாக நல்லதை மாட்டிய அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும், "நீங்க போட்ட எஸ்எம்பிஎஸ் ஷாக் அடிக்குது" என்று திருப்பிக் கொண்டு வருவார்கள்.

வேமாண்டம்பாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். மூணு பின் பிளக், சுவரில் மூணு ஓட்டை, எல்லாம் சரி. வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியைக் காட்டச் சொன்னால், மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு குழாய் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது, சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. கரியும் உப்பும் போட்டு வருடம் எத்தனையோ. குழாய்க்குள் நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். அரை மணி நேரம் கழித்து அந்த வீட்டு ஆத்தா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சும்மா இருக்குது பாரு" என்றார். உங்கள் வீட்டிலும் கார்டு மாட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் லைன் வோல்டேஜ் அப்படியே காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. வயரிங்கில் கை வைக்கிற வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

யூபிஎஸ் வைத்திருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. 600 விஏ யூபிஎஸ் என்றால் அது கொடுப்பது 360 வாட். பழைய செட்டுக்கு அது போதும். 3060-உம் மானிட்டரும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியில் கீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். 1 கேவிஏ, அதாவது 600 வாட் அளவுக்கு லைன் இன்டராக்டிவ் வகையில் வாங்கினால் இரண்டு வேலை முடியும்: குறைந்த வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும், பேட்டரிக்கும் மாறும். இப்போது காசு இல்லை என்றால் கார்டை வாங்கிவிட்டு யூபிஎஸ்ஸை அடுத்த முகூர்த்த மாதத்துக்குத் தள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தள்ளாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால், அது ஸ்கொயர் வேவா சைன் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் நல்ல எஸ்எம்பிஎஸ் உர்ரென்று உறுமும், சில சமயம் நின்றே போகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் பலவற்றில் பின்னால் யூபிஎஸ் மோடு என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதில் வைத்தால் சீக்கிரம் மாறும். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் மூச்சுப் பிடிப்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான்.

வயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. 3060, 4060 பெரும்பாலானவற்றுக்கு ஒரு 8 பின் இணைப்பு வேண்டும். உங்கள் பழைய பெட்டியில் அது இருக்காது. "பரவாயில்லைங்க, கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்" என்று நூறு ரூபாய்க்கு ஒரு வயர் தருவார்கள், ஒரு முனையில் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா, மறு முனையில் 8 பின். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு உள்ளது மூன்று பொடிப் பின், ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். 8 பின்னில் 150 வாட் வரை கார்டு கேட்கும். சென்னிமலையிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்த பெட்டியில் அந்தச் சாட்டா பிளக் வெல்லப்பாகு மாதிரி உருகி எஸ்எஸ்டி வயரோடு ஒட்டிப் போயிருந்தது. ரப்பர் கருகிய வாசம் கடைக்குள் சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வரும் 6+2 பின் வயரைத்தான் கார்டில் செருக வேண்டும். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (வயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) என்றால், நண்பரிடம் சும்மா கிடக்கும் வேறு கம்பெனி வயரை வாங்கி மாட்டாதீர்கள். கார்டுப் பக்கம் ஒன்றாகவே இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை மாறும். ஒரே செருகலில் ஹார்ட் டிஸ்க் காலி, அதோடு யாரோ ஒருவருடைய கல்யாண ஃபுட்டேஜும்.

இதைப் படிக்கிறவர்களில் கம்பெனி கொடுத்த பழைய ஆபீஸ் டெல், எச்பி, லெனோவா பெட்டி வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். அவற்றில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அளவும் வேறு, போர்டு பின்னும் வேறு. மாற்றப் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம். தனி வயரே கேட்காத கார்டுகள் உண்டு. போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்தான், அதைப் போட்டு எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமல் விடுங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் அதிலேயே லோ ப்ரொஃபைல், அதாவது உயரம் குறைந்த, வகையாகப் பார்த்து எடுங்கள். தறிப்பட்டறை, நிட்டிங் பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ப்ளோயர் வைத்து ஊதுங்கள். பஞ்சு படிந்து எஸ்எம்பிஎஸ் ஃபேன் முன்னால் கம்பளி மாதிரி ஒரு திரையே கட்டிவிடும்.

தம்பி, எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு சோதனை. உங்களிடம் இருப்பதிலேயே கனமான 4கே ப்ராஜெக்டை ரெண்டரில் போடுங்கள். பத்து நிமிடம் போகட்டும். தோட்டத்து மோட்டாரையும் ஓட விடுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சும்மா தொங்கும் நாலு பின் மோலக்ஸ் வயரில் மஞ்சளில் சிவப்பு முனை, கறுப்பில் கறுப்பு முனை. பின்கள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும். நல்ல சாமான் 12-ஐ விட்டு அதிகம் நகராது. 11.4-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே ரெண்டரை நிறுத்திவிட்டு, பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.